கருக்கவர் பதிலீட்டு வினை

கருக்கவர் பதிலீட்டு வினை என்பது, தனித்த இணை எலக்ட்ரான்களைக் கொண்ட ஓர் அயனியோ மூலக்கூறோ (கருக்கவர் பொருள்) கார்பனோடு பிணைந்து, அங்கிருந்த வேறொரு தொகுதியை வெளியேற்றும் வினையாகும். ஹைட்ராக்சைடு, சயனைடு, அயோடைடு, அம்மோனியா முதலியவை கருக்கவர் பொருள்கள். மெத்தில் புரோமைடு காரக் கரைசலில் மெத்தனாலாக மாறுவது எளிய எடுத்துக்காட்டு; இங்கே புரோமைடு அயனி வெளியேறும் தொகுதி.

வரலாறு

ரீகா நகரில் பணியாற்றிய பால் வால்டன் 1896இல் இடஞ்சுழி மாலிக் அமிலத்தைப் பாஸ்பரஸ் பென்டாகுளோரைடு கொண்டு வலஞ்சுழி குளோரோசக்சினிக் அமிலமாக்கினார். அதை வெள்ளி ஆக்சைடுடன் வினைப்படுத்தியபோது வலஞ்சுழி மாலிக் அமிலம் கிடைத்தது. இரு படிகளுள் ஒன்றில் மூலக்கூறின் அமைப்பு தலைகீழாகியிருக்க வேண்டும். எந்தப் படியில் என்பதைச் சுழற்சித் திசையை மட்டும் வைத்து அறிய இயலவில்லை.

1930களில் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் எட்வர்டு ஹியூஸும் கிறிஸ்டோபர் இங்கோல்டும் வினைவேக அளவீடுகளைக் கொண்டு எஸ்என்2, எஸ்என்1 எனும் இரு வினைவழிமுறைகளைப் பிரித்துக் காட்டினர்.

எஸ்என்2 வழிமுறை

இது ஒரே படியில் நிகழ்கிறது. வெளியேறும் தொகுதிக்கு நேர் எதிர்ப்புறத்திலிருந்து கருக்கவர் பொருள் தாக்குகிறது. ஒரு பிணைப்பு உருவாகும்போதே மற்றொன்று முறிகிறது. வினைவேகம் இரு வினைபடுபொருள்களின் செறிவையும் சார்ந்தது. கார்பனின் அமைப்பு தலைகீழாகிறது. இது வால்டன் தலைகீழாக்கம் எனப்படுகிறது.

இதற்கான சான்றை ஹியூஸ் குழுவினர் 1935இல் அளித்தனர். ஒளிசுழற்றும் 2-அயோடோஆக்டேனை அசிட்டோனில் கதிரியக்க அயோடைடுடன் வினைப்படுத்தி, அயோடின் இடம் மாறும் வேகத்தையும் ஒளிசுழற்சி குறையும் வேகத்தையும் அளந்தனர். இரண்டாவது வேகம் முதலாவதைப்போல் இருமடங்காக இருந்தது. தலைகீழான ஒவ்வொரு மூலக்கூறும் தன் பழைய சுழற்சியை இழப்பதோடு, மாறாத இன்னொரு மூலக்கூறின் சுழற்சியையும் ஈடுசெய்துவிடும். எனவே ஒவ்வொரு பதிலீட்டிலும் தலைகீழாக்கம் நிகழ்ந்தால் மட்டுமே இந்த இருமடங்கு கிடைக்கும்.

எஸ்என்1 வழிமுறை

இது இரு படிகளில் நிகழ்கிறது. முதலில் வெளியேறும் தொகுதி மெதுவாகப் பிரிந்து கார்பன் நேரயனி உருவாகிறது. பிறகு கருக்கவர் பொருள் விரைந்து இணைகிறது. வேகத்தை முதற்படியே நிர்ணயிப்பதால் கருக்கவர் பொருளின் செறிவைக் கூட்டினாலும் வினை வேகமடைவதில்லை. மூவிணைய பியூட்டைல் புரோமைடின் நீராற்பகுப்பு இவ்வகையது. நேரயனி தட்டையானது, இருபுறமும் தாக்கப்படலாம் என்பதால் சுழிமாய்க் கலவை எதிர்பார்க்கப்படுகிறது. நடைமுறையில், பிரிந்த அயனி சிறிது நேரம் அருகிலேயே நின்று ஒரு பக்கத்தை மறைப்பதால் தலைகீழான விளைபொருள் சற்று மிகுதியாகக் கிடைப்பதுண்டு.

வழிமுறையை நிர்ணயிக்கும் காரணிகள்

எஸ்என்2 வினைக்கு இட நெருக்கடி பெருந்தடை. எத்தில் ஹாலைடின் வேகத்தை 1 எனக் கொண்டால், மெத்தில் ஹாலைடின் வேகம் ஏறத்தாழ 30, ஐசோபுரோப்பைல் ஹாலைடின் வேகம் 0.025. நியோபென்டைல் ஹாலைடு ஓரிணையமாக இருந்தும், அருகிலுள்ள கிளைத்த தொகுதி வழியை அடைப்பதால் அதன் வேகம் 0.00001 அளவிற்கு வீழ்கிறது. எஸ்என்1 வினையில் நேரயனியின் நிலைப்புத்தன்மையே முக்கியம். எனவே மூவிணைய, அல்லைல், பென்சைல் ஹாலைடுகள் எளிதில் வினைபுரிகின்றன.

நீர், ஆல்கஹால் போன்ற கரைப்பான்கள் அயனிகளை நிலைப்படுத்தி எஸ்என்1 வினைக்குத் துணைசெய்கின்றன. அசிட்டோன், டைமெத்தில் சல்பாக்சைடு ஆகியவை எதிரயனியை ஹைட்ரஜன் பிணைப்பால் கட்டிப்போடாததால் எஸ்என்2 வினைக்கு ஏற்றவை. ஹாலைடுகளுள் அயோடைடு மிக எளிதாகவும் புளூரைடு மிகக் கடினமாகவும் வெளியேறும். வலிமையான காரமும் உயர் வெப்பநிலையும் இருந்தால் நீக்க வினை போட்டியிட்டு ஆல்கீனைத் தரும்.

பயன்கள்

ஃபிங்கல்ஸ்டைன் வினையில் ஆல்கைல் குளோரைடு, அசிட்டோனில் சோடியம் அயோடைடுடன் ஆல்கைல் அயோடைடாகிறது. சோடியம் குளோரைடு அசிட்டோனில் கரையாமல் வீழ்படிவாவதால் வினை முன்னோக்கி நகர்கிறது. ஈதர், நைட்ரைல், அமீன் தயாரிப்பிலும் இவ்வினைகள் பயன்படுகின்றன. அட்ரீனல் சுரப்பியில் நார்அட்ரீனலின் அட்ரீனலினாக மாறுவதும் எஸ்என்2 வகையே: நார்அட்ரீனலினின் நைட்ரஜன், எஸ்-அடினோசில்மெத்தியோனினின் மெத்தில் தொகுதியைத் தாக்கி ஏற்கிறது.