குறியும் விரிச்சியும்: ஒரு சொல்லின் பொருள் விரிவு

கேமரன் மலையில் ரிங்லெட்டை அடுத்துள்ள ‘போ’ தேயிலைத் தோட்டம் 1929ஆம் ஆண்டு ஜே. ஏ. ரஸ்ஸலால் தொடங்கப்பெற்றது. அதனை உருவாக்கிய உழைப்பில் தமிழர் பங்கு பெரிது. தோட்டத் தமிழர் வழக்கில் வருவதுரைத்தலைச் சுட்டும் சொல் ‘குறி’. அருள் வந்தவரிடம் கேட்பதும் குறி. கைபார்த்துச் சொல்வதும் குறி.

இச்சொல்லின் பழைய ஆட்சி வேறு. தொல்காப்பியக் களவியலில் குறி என்பது தலைவனும் தலைவியும் சந்திக்கும் இடம். பகற்குறி, இரவுக்குறி என்பன நாம் அறிந்தவையே. மகளின் மெலிவுக்குக் காரணம் அறியத் தாய் நாடும் முறைகளோ அதே இயலில் கட்டு, கழங்கு என வேறு பெயர் பெறுகின்றன. கட்டுவிச்சி நெல்லை முறத்திலிட்டு எண்ணிப் பார்ப்பாள்; வேலன் கழங்கு இட்டுப் பார்ப்பான். குறியிடத்து நிகழ்ந்ததை அறியாமையாலேயே தாய் இவர்களை நாடுகிறாள். பின்னாளில் இம்முறைகளின் பெயரையே ‘குறி’ கைக்கொண்டது சுவையான முரண். அடையாளம் என்னும் அடிப்படைப் பொருளே இம்மாற்றத்திற்கு இடமளித்தது எனலாம். பதினெட்டாம் நூற்றாண்டில் திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய குற்றாலக் குறவஞ்சியில் இப்புதிய பொருள் முழுமையாக நிலைபெற்றுவிட்டது.

இடர்ப்பாடு வகுப்பறையில்தான் எழுகின்றது. முல்லைப்பாட்டில் முதுபெண்டிர் நாழி நெல்லும் முல்லை மலரும் தூவித் தொழுது விரிச்சி கேட்டு நிற்கின்றனர். இதனைக் ‘குறி கேட்டனர்’ என உரைப்பது எளிது. நானும் பல ஆண்டுகள் அவ்வாறே கற்பித்தேன். ஆனால் குறி கேட்பவர் ஒருவரிடம் வினவுகிறார். சொல்பவரும் தாம் சொல்வதை வருவதுரைத்தலாகவே சொல்கிறார். விரிச்சியில் வினவப்படுபவர் எவருமிலர். தாயைப் பிரிந்து வருந்தும் கன்றை நோக்கி, “உன் தாய் இப்போது வந்துவிடுவாள்” என்னும் கருத்துப்பட ஆயர்மகள் ஆறுதல் கூறுகிறாள். போருக்குச் சென்ற அரசனையோ அவனுக்காகக் காத்திருக்கும் தேவியையோ அவள் எண்ணவில்லை. அந்த அறியாமையே சொல்லை நற்சொல்லாக்குகின்றது. புறத்திணையியலில் ஆநிரை கவரச் செல்வோர் கேட்கும் பாக்கத்து விரிச்சியும் இத்தகையதே. விரிச்சியைக் குறியாக்கினால் ஆயர்மகள் சாமியாடியாகிவிடுகிறாள். பாடலின் நுட்பமும் கெடுகின்றது.

சென்ற பருவத்தில் இதனை விளக்கியபோது, ரிங்லெட்டிலிருந்து வந்த மாணவி ஒருத்தி, “எங்கள் பாட்டி, பல்லி சொல்கிறது என்பாரே, அதைப் போலவா, ஐயா?” என்று கேட்டாள். பல்லியிடமும் எவரும் வினவுவதில்லை. தான் ஒன்றைச் சொன்னதாக அதுவும் அறியாது. இப்போது நான் விரிச்சிக்கு அந்த விளக்கத்தையே முதலில் தருகிறேன்.