ஹாட்ரிக், ஆஷஸ், சைனாமேன்

ஆங்கிலப் பேப்பரின் விளையாட்டுப் பக்கத்தை அகராதி வைத்துப் படித்தால் தலை சுற்றிவிடும். 'டக்' என்றால் வாத்து, 'ஆஷஸ்' என்றால் சாம்பல். வாத்தில் அவுட்டாகி சாம்பலைத் தோற்றார்கள் என்று படித்தால் என்ன புரியும்? இவற்றின் அர்த்தம் பிடிபட கொஞ்சம் வரலாற்றுக்குள் போக வேண்டும்.

வாத்து கதை சின்னது. பூஜ்யம் வாத்து முட்டை மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான்.

'ஹாட்ரிக்'கில் இருப்பது நிஜமான தொப்பி. 1858-ல் ஷெஃபீல்டில் எச்.எச். ஸ்டீஃபன்சன் அடுத்தடுத்த மூன்று பந்துகளில் மூன்று விக்கெட் எடுத்தார். காசு வசூலித்து அவருக்கு ஒரு தொப்பி பரிசளித்தார்கள்.

1882-ல் ஓவல் மைதானத்தில் ஆஸ்திரேலியாவிடம் இங்கிலாந்து 7 ரன்னில் தோற்றது. உடனே 'ஸ்போர்ட்டிங் டைம்ஸ்' பத்திரிகை, இங்கிலாந்து கிரிக்கெட் இறந்துவிட்டது, உடலை எரித்து சாம்பல் ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டு செல்லப்படும் என்று கிண்டலாக ஒரு இரங்கல் செய்தி போட்டது. அந்தக் கிண்டல்தான் இன்றும் தொடரின் பெயர்!

இதுவரை எல்லாம் தமாஷ். 'சைனாமேன்' அப்படியல்ல. இடதுகை பவுலர் மணிக்கட்டால் சுழற்றி, வலதுகை பேட்ஸ்மேனுக்கு உள்ளே திருப்பும் பந்துக்கு இந்தப் பெயர். 1933-ல் ஓல்டு டிராஃபோர்டு டெஸ்டில் வெஸ்ட் இண்டீஸ் பவுலர் எல்லிஸ் அச்சோங்கின் பந்தில் வால்டர் ராபின்ஸ் ஸ்டம்பிங் ஆனார். ஒரு சீனாக்காரனிடம் போய் அவுட்டானேனே என்று அவர் எரிச்சலில் சொன்னதாகக் கதை. டிரினிடாடில் பிறந்த அச்சோங், டெஸ்ட் ஆடிய முதல் சீன வம்சாவளி வீரர்.

ஆனால் இந்த வார்த்தை 1920-களிலேயே இங்கிலாந்துப் பத்திரிகைகளில் வந்திருக்கிறது. ஆகவே அச்சோங் கதையை முழுக்க நம்ப முடியாது. எங்கே பிறந்திருந்தாலும், அந்நாளில் அது சீனர்களை மட்டம்தட்டும் சொல்தான்.

2017-ல் தரம்சாலாவில் குல்தீப் யாதவ் அறிமுகமானபோது பேப்பரெல்லாம் 'சைனாமேன்' என்றே எழுதின. சீன வம்சாவளி ஆஸ்திரேலியப் பத்திரிகையாளர் ஆண்ட்ரூ வூ இதை எதிர்த்து எழுதினார். 2018-ல் விஸ்டன் அந்தச் சொல்லைக் கைவிட்டது.

நானும் பெருமையாகச் சொல்லித் திரிந்த வார்த்தைதான் இது. அர்த்தம் தெரியாமல் படிப்பதில் தப்பில்லை. தெரிந்த பிறகும் அதையே சொல்லலாமா? இப்போதெல்லாம் 'இடதுகை மணிக்கட்டு சுழல்' என்றுதான் சொல்கிறேன். கொஞ்சம் நீளம்தான், ஆனால் யாருக்கும் வலிக்காது.