எண் 75: கிர்ஷ்னரின் வெட்டுண்ட கை

எக்ஸ்பிரஷனிசம் என்றாலே 'உள்மனக் கொந்தளிப்பு' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிற பழக்கம் நம்மிடம் ரொம்ப நாளாய் இருக்கிறது. உள்ளே ஒரு 'நான்' ஏற்கனவே கொதித்துக்கிட்டு இருந்த மாதிரியும், தூரிகை கிடைத்ததும் அது பொங்கி வழிந்த மாதிரியும். எர்ன்ஸ்ட் லுட்விக் கிர்ஷ்னர் 1915இல் வரைந்த 'படைவீரனாகத் தன்னுருவம்' ஓவியத்தை முன்னால் வைத்துக்கொண்டு இப்படிப் பேச முடியாது என்பது என் கட்சி.

சீருடையில் நிற்கிறார் கிர்ஷ்னர். வாயில் சிகரெட். கண்மணி இல்லாத வெற்றுக் கண்கள். வலது கை மணிக்கட்டோடு வெட்டுண்டு ரத்தமாய் நீண்டிருக்கிறது. தோள்பட்டையில் 75 என்ற எண். ஹாலே நகரில் அவர் பயிற்சி பெற்ற பீரங்கிப் படைப்பிரிவின் எண் அது. ஓவியன் படத்தின்மேல் கையெழுத்துப் போடுவான். இங்கே ராணுவம் ஓவியன்மேல் போட்டிருக்கிறது.

நிஜத்தில் அவருக்குக் கை போகவில்லை. போர்முனையையே அவர் பார்க்கவில்லை. எந்தப் பிரிவு என்பதையாவது தானே தீர்மானிக்கலாம் என்று முந்திக்கொண்டு பெயர் கொடுத்தவர், சில மாதப் பயிற்சியிலேயே உடைந்துபோய் 1915லேயே விடுவிக்கப்பட்டார். அப்ப இந்தக் கை பொய்யா? இல்லை. தோட்டா பாயாமலே ஒரு உடலைச் செயலற்றதாக்க ராணுவ ஒழுங்கால் முடியும் என்கிறது இந்தப் படம். வெட்டப்பட்ட அதே கைதான் இதை வரைந்துமிருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்கணும். 1905இல் டிரெஸ்டனில் 'பாலம்' குழுவைத் தொடங்கியபோது இந்த இளைஞர்கள் பேசியதெல்லாம் பழைய அதிகாரங்களிடமிருந்து விடுதலை பற்றி. பத்தே வருஷம்.

படத்தில் பின்னால் ஒரு நிர்வாணப் பெண் நிற்கிறாள். விமர்சகர்கள் பலர் அவளைச் சுலபமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். காயம் ஆணுடையது, கதையும் அவனுடையது; அவள் அவன் இழந்ததன் அடையாளமாக நிற்கணும், அவ்வளவுதான். இந்த இடத்தில் எனக்குக் கேத்தே கோல்விட்ஸ் ஞாபகம் வருகிறார். எக்ஸ்பிரஷனிசச் சட்டகத்துக்குள் முழுசாக அடங்காதவர். வாழ்நாள் பூராவும் தன் முகத்தையே திரும்பத் திரும்ப வரைந்தவர். 1914இல் மகன் பீட்டர் போருக்குப் போக வயசு போதவில்லை, தகப்பன் சம்மதம் வேண்டும். கணவர் மறுத்தபோது அவரிடம் பேசிச் சம்மதிக்க வைத்தவரே கோல்விட்ஸ்தான். அக்டோபரில் பிளாண்டர்ஸில் பையன் செத்துப்போனான். 18 வயது. அந்தச் சாவுக்கான நினைவுச்சின்னத்தை முடித்து அங்கே கல்லறையில் நிறுத்த 1932 வரை ஆனது. மண்டியிட்டிருக்கும் அந்தத் தாய்க்கும் தந்தைக்கும் தங்கள் சாயலையே கொடுத்தார். தேசம் கேட்டபோது கொடுத்தவள் என்கிற குற்ற உணர்வும் அந்தக் கல்லில் மண்டியிட்டிருப்பதாகவே நான் வாசிக்கிறேன். கிர்ஷ்னர் படத்தில் இது கிடையாது. அங்கே அவர் முழுக்கப் பலியாள்.

அந்தப் பலியாள் இடத்தையும் அரசு அவருக்கு விட்டுவைக்கவில்லை. 1937இல் நாஜிகள் ஜெர்மன் அருங்காட்சியகங்களிலிருந்து அவருடைய 639 படைப்புகளைப் பறித்தார்கள். மியூனிக்கில் நடத்திய 'சீரழிந்த கலை' கண்காட்சியில் இந்தப் படத்தையும் மாட்டினார்கள், தலைப்பை மாற்றி: 'விலைமாதுடன் படைவீரன்'. தன்னுருவம் என்ற சொல்லே போச்சு. பின்னால் நின்றவளுக்கு அரசு ஒரு பெயர் வைத்தது, முன்னால் நின்றவன் யாரோ ஒரு சிப்பாய் ஆனான். அடுத்த வருஷம் ஜூன் 15 அன்று, சுவிட்சர்லாந்தின் டாவோஸ் அருகே கிர்ஷ்னர் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார்.