மல்லாட்டை எண்ணெயும் ஆரணி அன்னமும்

பட்டுப்புடவை பார்டருக்கும் ஐரோப்பிய ஓவியத்துக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேக்கறீங்களா? நடுவுல ஒரு எண்ணெய் பாட்டில் இருக்கு. சொல்றேன்.

1886 செப்டம்பரில் ழான் மொரேயாஸ் என்ற கவிஞர் பாரிஸின் 'லெ ஃபிகரோ' நாளிதழில் சிம்பலிசத்துக்கு ஒரு கொள்கை அறிக்கை எழுதினார். கண்ணால் பார்த்ததை அப்படியே சொன்னா போதாது, உள்ளே இருப்பதைக் குறியீடாச் சொல்லணும் என்பதுதான் சாரம். குஸ்தாவ் மொரோ, ஒடிலான் ரெடான் போன்ற ஓவியர்கள் ஏற்கனவே அந்த வழியில்தான் வரைந்துகொண்டிருந்தார்கள்.

யான் தோரோப் 1858-ல் ஜாவாவில் பிறந்த டச்சு ஓவியர். ராமாயணமும் பாரதமும் ஆடும் வயாங் நிழற்பாவைகளின் மெலிந்த நீண்ட கைகள் அவர் படங்களில் அப்படியே இறங்கியிருக்கும். 1894-ல் டெல்ஃப்ட் நகர எண்ணெய் ஆலை ஒன்று சாலட் எண்ணெய்க்கு விளம்பரம் கேட்க, அதே பாணியில் இரண்டு பெண்களை வரைந்து கொடுத்தார். தாள் பூரா அலை அலையாய்க் கூந்தல். ஓரத்தில் நம்ம மல்லாட்டை! அந்தப் போஸ்டர் பிரபலமாகி, டச்சு ஆர்ட் நூவோவுக்கே 'சாலட் எண்ணெய் பாணி'ன்னு பட்டப்பேர் விழுந்துடுச்சு.

மனசின் ரகசியம்னு ஆரம்பிச்சது கடைசியில எண்ணெய் விக்கப் போச்சேன்னு அங்கே சிலருக்கு வருத்தம் வரலாம். நமக்கு அது புதுசில்ல. ஆரணியில குறியீடு பொறந்ததே சரக்குலதான். அன்னம், யாளி, ருத்ராட்சம், இருதலைப்பட்சி எல்லாம் விலைக்குப் போற புடவையில வந்தவைதானே? கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு கட்டமாய் நிரப்பி, அதைப் பார்த்து அட்டையில் துளை போட்டு, ஜக்கார்டு பெட்டியில் ஏத்தினால் தறியில் அன்னம் இறங்கும். தமயந்திகிட்ட நளனுக்காகத் தூது போன அன்னம், கல்யாணப் புடவையில் சும்மா அழகுக்கா உக்காந்திருக்கு?

இப்போ கம்ப்யூட்டர்ல டிசைன் போடறாங்க. வேலை சுளுவாச்சு, அதில் குறையில்லை. ஆனா அன்னம்ங்கிற பேர் போய் ஃபைல்ல ஒரு நம்பரா மட்டும் நின்னுட்டா, மிஞ்சுறது வெறும் வளைகோடுதான். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கு. அது ஊர்ப்பேரைக் காப்பாத்தும். அன்னத்தோட பேரை நாமதான் பிள்ளைங்களுக்குச் சொல்லி வைக்கணும். வீட்டு பீரோவில பழைய புடவை இருந்தா, பாட்டி இருக்கும்போதே பிரிச்சுக் காட்டிக் கேட்டு வெச்சுக்குங்க.