சுனாமிக்கு முந்தியே இருந்த பயம்: கல்முனைக் கரையும் பதகளிப்பு மருந்தும்

நம்ம பக்கம் "மனநோய்" என்று சொன்னால் ரெண்டு விசயம்தான் ஞாபகத்துக்கு வரும். ஒன்று அங்கொடை. மற்றது சுனாமி. முதலாவது கேலிக்கு: "இவன அங்கொடைக்குத்தான் அனுப்போணும்" என்பதை மருதமுனை தொடக்கம் பொத்துவில் வரைக்கும் எந்த வகுப்பறையிலும் கேட்டிருப்பீங்க. இரண்டாவது அனுதாபத்துக்கு.

இந்த ரெண்டுக்கும் நடுவில ஒரு பெரிய கூட்டம் இருக்கிறது. அவங்களுக்குப் பைத்தியமும் இல்லை, அலையில் ஆளை இழந்தவங்க என்றும் இல்லை. ஆனால் சுபஹுக்குக் கண் முழிச்ச நேரத்திலிருந்து ஏதோ நடக்கப்போகுது என்ற பயம். பிள்ளை ஸ்கூலால வரப் பத்து நிமிசம் பிந்தினால் கை கால் வெறுவெறுக்கும். நித்திரை வராது. தோள் இறுகும், வயிறு எரியும், நெஞ்சு படபடக்கும். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தா ஒண்டுமில்ல, "காஸ்" என்று சொல்லி அனுப்பிவிடுவாங்க. இதுக்கு மருத்துவத்தில் பொதுமைப்பட்ட பதகளிப்பு நோய் என்று பேர். தமிழ்நாட்டில் பதற்றக் கோளாறு என்பார்கள். "பதகளிப்பு" நம்ம நாட்டு உளநல எழுத்தில் புழங்கும் சொல். எனக்கு இதுதான் பிடிக்கும். சொல்லும்போதே நெஞ்சு அடிக்கிற சத்தம் அதில கேட்கும்.

இந்த நோய்க்கான மருந்தும் சிகிச்சையும் நம்ம கரைக்கு ஏன் இவ்வளவு பிந்தி வந்தது? வந்த பிறகும் ஏன் ஒளிச்சு வைத்துக் குடிக்கவேண்டி இருக்கிறது? அதுக்கு அங்கொடையிலிருந்துதான் தொடங்கவேண்டும்.

இலங்கையில் மனநோய்ச் சிகிச்சை ஆஸ்பத்திரிக் கதையாக மட்டும் தொடங்கவில்லை, கோட்டுக் கதையாகவும் தொடங்கியது. 1873ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒருவருக்குச் சித்தம் சரியில்லையா என்று தீர்மானிப்பது நீதிமன்றத்தின் வேலை. 1926இல் அங்கொடை ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. பிறகு பல பத்தாண்டுகளுக்கு, நாட்டின் எந்த மூலையில் ஆள் குழம்பினாலும் கொண்டுபோய்ச் சேர்க்கிற இடம் கொழும்புப் பக்கம்தான். கல்முனையிலிருந்து முந்நூறு கிலோமீற்றருக்கும் மேலே. இவ்வளவு தூரத்துக்கு யாரைக் கொண்டுபோவார்கள்? வீட்டில் வைத்திருக்கவே முடியாத ஆளை மட்டும்தான். கவலையில் வாடுகிற உம்மாவை யாரும் கொண்டுபோகமாட்டார்கள். ஆகவே மனநோய் என்றால் கட்டிவைக்கிற நோய் என்ற எண்ணம் நம்ம மண்டையில் ஏறியது சும்மா வந்ததில்லை. தூரமும் சட்டமும் சேர்ந்து பழக்கிய எண்ணம் அது.

வீட்டில் இருந்தவர்களுக்கு வேறு வழிகள் இருந்தன. பரிசாரியாரின் எண்ணெயும் கசாயமும், லெப்பை ஓதிக்கொடுத்த தண்ணீர், கையில் கட்டிய நூல், கழுத்தில் போட்ட தாயத்து. இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று ஒரே வரியில் தள்ளிவிடுகிற கட்டுரைகளில் எனக்கு உடன்பாடில்லை. யாரோ ஒருவர் பக்கத்தில் இருந்து, நோவை நோவு என்று ஏற்றுக்கொண்டு, குடும்பத்தையும் கூட்டிவைத்தார். அதில் ஆறுதல் உண்டு. ஆனால் பதகளிப்பு மாசக் கணக்கில் இருக்கிற நோய். ஆறுதல் ரெண்டு கிழமையில் கரைஞ்சு போகும், பயம் திரும்பி வரும், அடுத்த ஓதல்காரரைத் தேடவேண்டி வரும்.

இனிக் கொஞ்சம் வெளியே போவோம். 1980இல் அமெரிக்க உளமருத்துவர் சங்கம் தன் நோய்க் கையேட்டின் மூன்றாம் பதிப்பை வெளியிட்டது. அதுவரைக்கும், 1895இல் பிராய்ட் வகுத்துவிட்ட வழியில், பதகளிப்பை ஒரே மூட்டையாகத்தான் கட்டிவைத்திருந்தார்கள். புதிய கையேடு மூட்டையைப் பிரித்தது. திடீரென்று தாக்கி அடங்குகிற பீதி வேறு, நாள் முழுக்க விடாத கவலை வேறு. இரண்டாவதுதான் பொதுமைப்பட்ட பதகளிப்பு. முதலில் ஒரு மாசம் இருந்தால் போதும் என்றார்கள், 1987இல் அதை ஆறு மாசம் ஆக்கினார்கள். அதே 1980ஆம் ஆண்டுக் கையேட்டில்தான், வியட்நாம் போரால் திரும்பிய படையினருக்காக நடந்த போராட்டத்தின் பலனாக, இன்னொரு பெயரும் ஏறியது: நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய். ஒன்று நேற்று நடந்ததை விட்டு வரமுடியாத நோய். மற்றது நாளைக்கு நடக்கப்போவதை விட்டு வரமுடியாத நோய்.

2004 டிசம்பர் 26. நாடு முழுவதும் முப்பதாயிரத்துக்கும் மேல் இறந்தார்கள். அதில் பத்தாயிரத்துக்கும் மேல் அம்பாறை மாவட்டத்தில் மட்டும். வேறெந்த மாவட்டத்திலும் இவ்வளவு இல்லை. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று கடலோரமே துடைத்தெடுத்த மாதிரி. பிறகு உலகம் வந்தது. வந்தவர்களில் பலர் கையில் இருந்தது அந்த ரெண்டு பெயரில் ஒன்று மட்டும், மனவடு. ஈதன் வாட்டர்ஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் 2010இல் வெளியிட்ட தன் நூலில் ஒரு முழு அத்தியாயத்தை இந்தப் படையெடுப்புக்கு ஒதுக்கியிருக்கிறார். இலங்கையரான உளவியலாளர் காயத்ரி பெர்னாண்டோவின் ஆய்வு அதில் முக்கியமாக வரும். இங்குள்ளவர்கள் தங்கள் துன்பத்தை மண்டைக்குள் நடக்கிற ஒன்றாகச் சொல்லவில்லை. உடம்பில் நோவு என்றும், உறவுகளுக்குள் தங்கள் இடம் போய்விட்டது என்றும் சொன்னார்கள். ஒரே தடவை இருத்தி வைத்து நடந்ததைக் கொட்டச் சொல்கிற வேலை கூடாது என்று 2007இல் சர்வதேச வழிகாட்டி நெறிகளே எழுதிவைத்தன.

அலையைப் பற்றிக் கேட்டவர்கள் அதிகம், நாளையைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு. ஆனால் நாளைதான் இந்தக் கரையில் நிச்சயமில்லாமல் கிடந்தது. கடலுக்குக் கிட்ட வீடு கட்டக்கூடாது என்று எல்லை போட்டார்கள், பிறகு அந்த எல்லையை மாற்றினார்கள். அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி உதவியில் கட்டிய 500 வீடுகள் வழக்கில் மாட்டி, பத்து வருசத்துக்கு மேல் காடு பத்திக் கிடந்தன. அதுக்கு முந்தியும் நாளை நிச்சயமாகவா இருந்தது? 1990 யூனில் கல்முனைத் தமிழர்கள் பலர் கொண்டுபோகப்பட்டுத் திரும்பி வரவில்லை. அதே ஆண்டு ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுடப்பட்டார்கள். ரெண்டு சமூகத்திலும் வீடு வீடாக, பின்னேரம் ஆறு மணிக்குக் கதவைச் சாத்துகிற பழக்கம் அப்படி வந்ததுதான்.

இதில் ஒன்றைப் பிரித்துச் சொல்லவேண்டும். வீடில்லாதவர் வீட்டை நினைத்துக் கவலைப்படுவது நோய் இல்லை, அவருக்கு வேண்டியது வீடு. வீடு கிடைத்து, மகனுக்கு வேலையும் கிடைத்து, அதுக்குப் பிறகும் மனசு அடுத்த கவலைக்குத் தாவி, அதை நிப்பாட்டவே முடியாமல் போனால் அது நோய்.

சுனாமியால் ஒரு நல்லதும் நடந்தது. மட்டக்களப்பில் மனநல மருத்துவர் மகேசன் கணேசன் போன்றவர்கள் அலைக்கு முந்தியே, ஆளைக் கொழும்புக்கு அனுப்பாமல் ஊரிலேயே பார்க்கிற வழியைப் பழக்கியிருந்தார்கள். 2005இல் அரசு ஏற்றுக்கொண்ட மனநலக் கொள்கை அதையே நாடு முழுக்கச் செய்யச் சொன்னது: மாவட்டந்தோறும் சேவை, பொது ஆஸ்பத்திரிக்குள்ளேயே கிளினிக், அதுக்குப் பயிற்றப்பட்ட மருத்துவர்கள். வெளிநாட்டுப் பதாகைகள் ஒண்டொண்டாகக் கழன்றுபோன பிறகு கடைசியில் மிஞ்சியது இந்தக் கிளினிக்தான்.

அங்கே கொடுக்கிற குளிசைக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1955இல் அமெரிக்காவில் மெப்ரோபமேற் வந்தது. பதகளிப்புக்கென்றே விற்று ஓடிய முதல் குளிசை. 1960இல் லிப்ரியம், 1963இல் வேலியம். இரண்டையும் ரோஷ் கம்பெனிக்குக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் லியோ ஸ்டேர்ன்பாக், ஐரோப்பாவிலிருந்து தப்பி அமெரிக்கா போன ஒரு யூத வேதியியலாளர். இலங்கையில் 1971இல் பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியால் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது. கம்பெனிப் பெயரைத் தூக்கிப்போட்டு மருந்தின் பொதுப்பெயரில், உலகச் சந்தையில் விலைகேட்டு மலிவாக வாங்கினார்கள். கடலுக்குப் போகிறவரும் தறியில் இருக்கிறவரும் இன்றைக்கு ஆஸ்பத்திரியில் காசில்லாமல் மருந்து எடுக்கிறார்கள் என்றால், அந்தக் கணக்கில் பிபிலேக்குப் பெரிய பங்குண்டு.

வேலியம், அதாவது டயசிபாம், அரை மணித்தியாலம் ஒரு மணித்தியாலத்தில் பயத்தை இறக்கிவிடும். பிரச்சினையே அதுதான். உடம்பு பழகிவிடும், விட்டால் நடுக்கமும் நித்திரையின்மையும் இன்னும் மோசமாகத் திரும்பும். ரெண்டு தொடக்கம் நாலு கிழமைக்கு மேல் வேண்டாம் என்று 1988இல் பிரித்தானிய மருந்துக் குழு எச்சரித்தது. நம்ம ஆட்கள் மனதில் "மனநோய்க் குளிசை எண்டா பழகிடும்" என்று பதிந்திருப்பது பொய்யில்லை. ஆனால் அது இந்தப் பழைய குளிசையின் கதை.

இப்போது முதலில் எழுதுவது வேறு இனம்: செற்றலின், எஸ்சிற்றலோபிறாம், புளொக்செற்றின் மாதிரி. இவை மூளையில் செறொற்றோனின் என்ற பொருள் கூடுதல் நேரம் வேலைசெய்ய விடுபவை. போதை தராது. ஆனால் மெதுவாகத்தான் பிடிக்கும்: ரெண்டு தொடக்கம் ஆறு கிழமை எடுக்கும். முதல் கிழமையில் வயிற்றைப் பிரட்டும், சிலருக்குப் படபடப்பு கூடவும் செய்யும். அந்தக் கிழமையில்தான் பலர் "இது எனக்கு ஒத்துவரல்ல" என்று பெட்டியைத் தூக்கி எறிகிறார்கள். அப்படி வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், அளவைக் குறைத்துத் தொடங்கலாம். சுகமான பிறகும் ஆறு மாசம், ஒரு வருசம் குடிக்கச் சொல்வார்கள். நிப்பாட்டும்போது படிப்படியாகத்தான். ஒரேயடியாக விட்டால் தலைச்சுற்றும் எரிச்சலும் வரும். (பிரிகபலின் என்று ஒன்று இருக்கிறது. ஐரோப்பாவில் பதகளிப்புக்கும் கொடுக்கிறார்கள். இங்கே அது போதைக் குளிசையாகக் கைமாறுவது உங்களுக்கே தெரியும். கூட்டாளி தாற குளிசையை மருந்தென்று நினைக்கவேண்டாம்.)

குளிசை மட்டும்தானா? இல்லை. எண்ணங்களையும் நடத்தையையும் திருத்துகிற சிகிச்சை மருந்துக்குச் சமமாக வேலைசெய்யும், சிலருக்கு ரெண்டும் சேர்ந்து வேண்டும். "மகன் பிந்திட்டான், எக்சிடன்ட் பட்டிருப்பான்" என்ற எண்ணத்தைப் பிடித்து, போன மாசம் எத்தனை தரம் பிந்தினான், எத்தனை தரம் விபத்து நடந்தது என்று எழுதிப் பார்க்க வைப்பார்கள். கவலைப்படுவதுக்கென்று பின்னேரம் அரை மணித்தியாலம் ஒதுக்கி, மிச்ச நேரம் வருகிற கவலையை அதுக்குத் தள்ளிவைக்கப் பழக்குவார்கள். கேட்க விளையாட்டு மாதிரி இருக்கும், செய்து பார்த்தால் தெரியும்.

இது 1960களில் ஆரன் பெக் தொடக்கியது என்று பாடப்புத்தகம் சொல்லும். ஆனால் பல்க் நகர்ப் பக்கத்தில் பிறந்த அபூ ஸைத் அல்பல்கி (850–934) உடம்புக்கும் உள்ளத்துக்குமான பராமரிப்பு என்று ஒரு நூல் எழுதியிருக்கிறார். பயம், கோபம், துக்கம், வஸ்வாஸ் என்று தனித்தனியாகப் பிரித்து, மருந்துப் பெட்டி வைத்திருப்பது மாதிரி சுகமாக இருக்கிற நாளிலேயே நல்ல எண்ணங்களைச் சேர்த்துவை, பயம் வரும் நாளில் எடு என்கிறார். சூடானிய உளவியலாளர் மாலிக் பத்ரி அதன் உள்ளம் பற்றிய பகுதியை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். "ஈமான் குறைஞ்சவனுக்குத்தான் இந்த வருத்தம்" என்று சொல்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, பல்கியைத் தெரியுமா என்றுதான்.

பிறகு 2019 வந்தது. ஏப்ரல் 26 இரவு சாய்ந்தமருதில் நடந்ததும், அதுக்குப் பிறகு சோதனைச் சாவடிகளில் நின்ற நாட்களும் இந்தத் தலைமுறைக்கு விளக்கவேண்டியதில்லை. அடுத்து, மையித்தை எரிப்பாங்களோ என்ற பயத்தில் கொரோனாவை மறைத்த மாதங்கள், 2021 மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கும்வரை. 2022இல் டொலர் இல்லாமல் மருந்துத் தட்டுப்பாடு. படிப்படியாக நிப்பாட்டவேண்டிய குளிசை திடீரென்று கிடைக்காமல் போனால் என்ன நடக்கும் என்பது மேலே சொன்னதுதான்.

இப்போது கிளினிக்குக்குப் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் சிலர் தங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் பஸ் ஏறி அடுத்த ஊருக்குப் போகிறார்கள், வரிசையில் சொந்தக்காரர் கண்டுவிடக்கூடாதே என்று. கலியாணப் பேச்சு நடக்கிற வீடென்றால் இன்னும் கவனம். நோன்பு மாசத்தில் பகலில் குடிக்க ஏலாது என்று தாங்களாகவே விட்டுவிடுகிறவர்களும் உண்டு. நாளுக்கு ஒரு தரம் குடிக்கிற குளிசையைப் பெரும்பாலும் ஸஹருக்கோ நோன்பு திறந்த பிறகோ மாற்றலாம். நோன்புக்கு ரெண்டு கிழமை முந்தியே மருத்துவரிடம் கேட்டால் சரி.

ஆஸ்பத்திரிக்குப் போக ஏலாதவர்களுக்குத் தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசி இலக்கம் ஒன்று இருக்கிறது: 1926. அங்கொடை திறந்த ஆண்டும் அதுதான். அந்த நிறுவனம் வேறெதுவுமில்லை, பழைய அங்கொடை ஆஸ்பத்திரியேதான்.