ஆர்மாமலை: கோட்டில் வாழும் உணர்ச்சி

ஜவ்வாது மலைப் பக்கம், ஆம்பூர் அருகே மலையாம்பட்டில் ஆர்மாமலைக் குகை இருக்கிறது. இயற்கையான இந்தக் குகை கி.பி. 8-ஆம் நூற்றாண்டளவில் சமணக் கோயிலானது. பாறையில் சாந்து பூசி, அதன்மேல் மெல்லிய சுண்ணாம்புப் பூச்சு கொடுத்து ஓவியம் தீட்டினார்கள். சித்தன்னவாசலை நினைவூட்டும் பாணி அது.

ஓர் ஓவியத்தில் உணர்ச்சி எப்படி வருகிறது? ஹாலந்து ஓவியர் ரெம்பிராண்ட் (1606-1669) சுற்றிலும் இருட்டை நிரப்பி, முகத்தில் மட்டும் வெளிச்சத்தை விழ வைத்தார். அழுத்தமான தூரிகைத் தடங்களே முதுமையையும் துயரத்தையும் சொல்லிவிடும்.

நம் பழைய சுவரோவியர்களின் வழி வேறு. அவர்கள் படத்தில் வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து வராது, தரையில் நிழலும் விழாது. உருவத்தின் ஓரத்தில் நிறத்தை அடர்த்தியாக்கி நடுவில் இளக்குவார்கள். முகம் திரண்டு நிற்கும்! இதற்கு இலை நரம்பு போன்ற கோடு, நுண்கோடு, புள்ளி என மூன்று முறைகளை விஷ்ணுதர்மோத்தரம் என்ற வடமொழி நூல் சொல்கிறது.

மீதி வேலை கோட்டுக்கு. தஞ்சைப் பெரிய கோயிலில் எஸ்.கே. கோவிந்தசாமி 1931-இல் கண்டறிந்த சோழர் ஓவியங்களில் திரிபுராந்தகரைப் பாருங்கள். அகன்ற கண்ணின் கோட்டிலேயே கோபம் தெரியும்.

ஆர்மாமலையில் வண்ணம் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது. உணர்ச்சி கோட்டில் இருப்பதால், ஒரு விரற்கடை சுண்ணாம்பு உதிர்ந்தாலே ஒரு புருவம் போய்விடும். அதோடு அந்த முகத்தின் சாந்தமும் போய்விடும். பழைய சுவரில் பெயர் கிறுக்க நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கட்டும்.