வேதாகம ஆய்வில் வரலாற்று முறை
(அத்தியட்சர் கொலென்சோவின் ஐந்நூலாய்வை முன்வைத்து ஒரு நோக்கு)

ஒரு சமயத்தவர் புனிதமெனப் போற்றும் நூலை, ஏனைய நூல்களை ஆராயும் முறையினாலேயே ஆராயலாமா என்னும் வினா ஐரோப்பியச் சிந்தனை வரலாற்றிலே நீண்ட காலம் பெரும் விவாதத்துக்குரியதாக விளங்கிற்று. நூலை எழுதியவர் யார், எக்காலத்தவர், எம்மூலங்களைப் பயன்படுத்தினார், யாரை நோக்கி எழுதினார் என வினவும் முறையே வரலாற்று விமரிசனம் எனப்படும். சமயப் பகைவர் வெளியிலிருந்து தொடுத்த தாக்குதலாகவே இம்முறையைப் பலர் கருதுவர். ஆயின் இதன் வரலாற்றை நுணுகி நோக்குமிடத்து, இதனை வளர்த்தோருட் பலர் வேதாகமத்தைக் கற்பதையும் கற்பிப்பதையும் மொழிபெயர்ப்பதையுமே வாழ்நாட் பணியாகக் கொண்டோர் என்பது புலனாகும். அவர்கள் எதிர்நோக்கிய இடர்ப்பாடு ஐயம் எழுந்தமை மட்டுமன்று. எழுந்த ஐயத்தை எவர் முன்னிலையில் வெளியிடலாம் என்பதுமாகும். பழைய ஏற்பாட்டின் முதலைந்து நூல்கள் பற்றிய ஆய்வு இதனை நன்கு விளக்கும்.

ஆதியாகமம், யாத்திராகமம், லேவியராகமம், எண்ணாகமம், உபாகமம் ஆகிய ஐந்தையும் எழுதியவர் மோசே என்பது யூதருக்கும் கிறித்தவருக்கும் பொதுவான மரபாகும். இம்மரபோடு பொருந்தாத குறிப்புகள் அந்நூல்களிலேயே காணப்படுகின்றன. ஆபிரகாமின் காலத்திற் கானானியர் அந்நாட்டில் இருந்தனர் என ஆதியாகமம் குறிப்பிடுகின்றது. அவர்கள் அங்கு இல்லாதொழிந்த பின்னர் வாழ்ந்த ஒருவரே இவ்வாறு குறிப்பிட்டிருத்தல் கூடும். மோசேயின் காலத்திலோ கானானியர் அங்கேயே வாழ்ந்தனர். 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த யூத உரையாசிரியரான இபின் எஸ்ரா இதனை உணர்ந்திருந்தார். எனினும், இதிலுள்ள மறைபொருளை அறிந்தோர் வாளாவிருத்தலே தகும் என்ற கருத்துப்பட எழுதி அமைந்தார். அவர் மறைத்ததை 1670இல் வெளிப்படையாக உரைத்தவர் ஸ்பினோசா ஆவார். மோசேயின் மரணமும் அடக்கமும் உபாகமத்தில் இடம்பெறுவதை அவர் சுட்டிக்காட்டினார். ஆயினும் அவருடைய நூல் அறிஞரின் மொழியாகிய இலத்தீனிலேயே எழுதப்பட்டது. நூலில் ஆசிரியர் பெயர் இல்லை. அச்சிட்ட ஊரின் பெயரும் பொய்யாகவே இடப்பட்டிருந்தது.

அடுத்த முக்கிய அடியை எடுத்துவைத்தவர் பிரெஞ்சு மருத்துவரான ஜீன் அஸ்ட்ரூக் ஆவார். 1753இல் அவரும் தம் பெயரை மறைத்தே நூலை வெளியிட்டார். ஆதியாகமத்திற் சில பகுதிகள் இறைவனை எலோகிம் என்றும், வேறு சில யாவே என்றும் குறிப்பிடுவதை அடிப்படையாகக் கொண்டு அவர் மூலங்களைப் பிரித்தறிய முற்பட்டார். எபிரேயம் அறியாத தமிழ் வாசகரும் இவ்வேறுபாட்டைக் காணமுடியும். புரட்டஸ்தாந்தர் வழக்கிலுள்ள பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் ஆதியாகமத்தின் முதலாம் அதிகாரம் ‘தேவன்’ என்றே கூறிச்செல்ல, இரண்டாம் அதிகாரத்தின் நான்காம் வசனம் முதலாகத் ‘தேவனாகிய கர்த்தர்’ என்னும் தொடர் வருகின்றது. முதலாம் அதிகாரத்தில் விலங்குகளின் பின்னர் மனிதன் படைக்கப்படுகின்றான். இரண்டாம் அதிகாரத்தின் எபிரேய மூலத்திலோ மனிதனின் பின்னரே விலங்குகள் உருவாக்கப்படுகின்றன. அஸ்ட்ரூக்கின் நோக்கம் மோசேயை மறுப்பதன்று. மோசே பழைய ஆவணங்களைத் தொகுத்தார் எனக் காட்டி மரபைக் காப்பதே என்பது மனங்கொள்ளத்தக்கது.

1805இல் ஜேர்மானிய அறிஞர் டி வெற்றே, உபாகமம் ஏனைய நான்கு நூல்களினின்றும் வேறுபட்டது என்றார். கி.மு. 622 அளவில் யோசியா மன்னன் காலத்தில் எருசலேம் ஆலயத்திற் கண்டெடுக்கப்பட்டதாகக் கூறப்படும் சட்ட நூலோடு அவர் அதனைத் தொடர்புபடுத்தினார். இவ்வாறு ஐந்நூலின் ஒரு பகுதிக்கேனும் வரலாற்றில் ஒரு காலம் வரையறுக்கப்பட்டது. எனினும் இவ்விவாதம் பெரும்பாலும் பல்கலைக்கழக எல்லைக்குள்ளேயே நிகழ்ந்தது.

இவ்வெல்லையைக் கடந்தவர் ஜோன் வில்லியம் கொலென்சோ ஆவார். 1814இற் பிறந்த இவர் கணிதம் பயின்றவர். பாடசாலைகளிற் பெரிதும் பயன்பட்ட எண்கணித நூல்களை எழுதியவர். 1853இல் தென்னாபிரிக்காவிலுள்ள நேட்டாலின் அங்கிலிக்கன் அத்தியட்சராக நியமிக்கப்பட்டார். சூலு மொழியைக் கற்று, அதற்கு இலக்கணமும் அகராதியும் இயற்றி, வேதாகமப் பகுதிகளையும் அம்மொழியிற் பெயர்த்தார். பெருவெள்ளக் கதையை மொழிபெயர்த்த வேளையில், அவருக்குத் துணைநின்ற வில்லியம் இங்கிடி என்னும் சூலு இனத்தவர், இவையாவும் உண்மையாகவே நிகழ்ந்தனவா என வினவினார். வெப்ப நாடுகளிலும் குளிர் நாடுகளிலும் வாழும் விலங்குகள் யாவும் ஒரு பேழைக்கு வந்து சேர்ந்தமையை அத்தியட்சர் மெய்யாகவே நம்புகின்றாரா என்பதே வினா. புவிச்சரிதவியலை ஓரளவு பயின்றிருந்த கொலென்சோ, உலகளாவிய வெள்ளம் நிகழ்ந்திருத்தல் இயலாது என்பதை அறிந்திருந்தார். இறைவனின் பெயரால் தாம் பொய்யுரைத்தல் தகுமோ என்னும் மனப்போராட்டமே தம்மை ஆய்வுக்குத் தூண்டிற்று என 1862இல் வெளிவந்த தம் நூலின் முதற்பகுதியில் அவர் கூறியுள்ளார். இந்நூல் 1879 வரை ஏழு பகுதிகளாக வெளிவந்தது.

அவருடைய முறை எளிமையானது. நூல் தரும் எண்களை அவர் கணக்கிட்டுப் பார்த்தார். எகிப்தினின்றும் புறப்பட்ட ஆடவர் ஏறத்தாழ ஆறு லட்சம் என யாத்திராகமம் கூறுகின்றது. பெண்களையும் பிள்ளைகளையும் சேர்ப்பின் தொகை இருபது லட்சத்தைக் கடக்கும். சபையார் அனைவரும் ஆசரிப்புக் கூடாரத்தின் வாயிலிற் கூடினர் என லேவியராகமம் கூறுகின்றது. கூடாரத்தின் முற்றமோ நூறு முழ நீளமும் ஐம்பது முழ அகலமும் உடையது. ஆடவர் மட்டுமே அதில் நின்றாலும் ஒரு சதுர முழத்துக்கு நூற்றிருபது பேர் நிற்றல் வேண்டும். இத்தகைய கணக்கீடு அறிஞர் பலருக்கு நுண்மையற்றதாகத் தோன்றிற்று. ஆயினும் நூலின் மிகப் பழைய பகுதி எனக் கருதப்பட்ட குருத்துவப் பகுதியிலேயே இவ்விடர்ப்பாடுகள் மிகுந்திருந்தமை, அப்பகுதியின் பழைமை பற்றிய ஐயத்தை ஒல்லாந்து அறிஞர் குவெனென் உள்ளத்தில் எழுப்பிற்று. கொலென்சோவுக்குத் தாம் பட்ட கடனைக் குவெனென் பின்னர் ஏற்றுக்கொண்டார்.

இங்கிலாந்தில் எழுந்த எதிர்ப்பு கடுமையானது. சூலு மக்களை மதம் மாற்றச் சென்ற அத்தியட்சரைச் சூலு ஒருவர் மாற்றிவிட்டார் என்ற ஏளனம் பரவிற்று. பழைமைவாதியல்லாத மத்தியூ ஆர்னல்டும் 1863இல் அவரைக் கண்டித்தார். ஸ்பினோசா அறிஞருக்காக இலத்தீனில் எழுதினார். கொலென்சோவோ பொதுமக்களின் நம்பிக்கையைக் குலைப்பதன்றிப் பயன் ஏதும் விளைக்கவில்லை என்பது அவர் கருத்தின் சாரமாகும். அதே ஆண்டு கேப்டவுண் பேராயர் றொபேட் கிறே கொலென்சோவை விசாரித்துப் பதவி நீக்கினார். கிறேக்கு அத்தகைய அதிகாரம் இல்லையென 1865இல் இலண்டன் கோமறைக் கழகம் தீர்ப்பளித்தது. பின்னர் 1869இல் வேறோர் அத்தியட்சரும் திருநிலைப்படுத்தப்பட, 1883இற் கொலென்சோ மறையும் வரை நேட்டாலில் இரு அத்தியட்சர்கள் இருந்தனர்.

இதற்கிடையே ஆய்வு தன் வழியே சென்றது. ஐந்நூல் நான்கு மூலங்களாலானது என்றும், அவற்றுட் குருத்துவச் சட்டங்களே காலத்தாற் பிந்தியவை என்றும் 1878இல் யூலியஸ் வெல்ஹவுசன் விரிவாக வாதிட்டார். இதன்படி பெருந்தீர்க்கதரிசிகள் சட்டத்துக்கு உரைகண்டவர் அல்லர். அவர்களுக்குப் பின்னரே சட்டம் நிறைவான வடிவம் பெற்றது. அவ்வறிஞரே 1882இல் தம் இறையியற் பேராசிரியர் பதவியைத் துறந்தமை குறிப்பிடத்தக்கது. மாணவரைத் திருச்சபைப் பணிக்குத் தகுதியாக்க வேண்டிய தாம், அதற்கு அவர்களைத் தகுதியற்றவராக்குவதாக அவர் உணர்ந்தார். ஸ்கொத்லாந்தில் இத்தகைய கருத்துக்களை எழுதிய றொபேட்சன் சிமித் 1881இற் பதவி இழந்தார்.

20ஆம் நூற்றாண்டில் நிலைமை மாறிற்று. ஏட்டு மூலங்களுக்கு முற்பட்ட வாய்மொழிக் கதைகளையும் அவை வழங்கிய சமூகச் சூழலையும் ஹேர்மன் குங்கெல் ஆராய்ந்தார். 1906இல் மோசேயே ஆசிரியர் என்னும் கொள்கையை வலியுறுத்திய கத்தோலிக்கத் திருச்சபை, 1943இற் பன்னிரண்டாம் பத்திநாதரின் சுற்றுமடல் வாயிலாகப் புனித நூல்களின் இலக்கிய வகைகளை ஆராயுமாறு அறிஞரை ஊக்கிற்று. வெல்ஹவுசனின் நான்கு மூலக் கொள்கையும் 1970களில் வன் சீற்றெர்ஸ், றென்டோர்வ் முதலியோரால் வன்மையாக மறுக்கப்பட்டது. முடிவுகள் மாறியபோதும் வினவும் உரிமை நிலைத்துவிட்டது.

இவ்வரலாற்றிலே கொலென்சோவின் இடம் அவர் கண்ட முடிவுகளால் அமைவதன்று. இபின் எஸ்ரா மௌனத்தாலும் ஸ்பினோசா இலத்தீனாலும் காத்த எல்லையை அவர் கடந்தார். தம் மொழியில் வேதாகமத்தைப் பெறும் ஒருவருக்கு அதனைப்பற்றி வினவவும் மெய்யான விடையைப் பெறவும் உரிமையுண்டு என அவர் ஏற்றுக்கொண்டார். 1873இல் இலாங்கலிபலேலே என்னும் தலைவர்மீது குடியேற்ற அரசு நடவடிக்கை எடுத்தபோது அவருக்காக வாதிட்டவரும், 1879இற் சூலு நாட்டின்மீது தொடுக்கப்பட்ட போரைக் கண்டித்தவரும் இதே கொலென்சோதான். மக்களின் தந்தை எனப் பொருள்படும் ‘சொபன்து’ என்னும் பெயரால் சூலு மக்கள் அவரை அழைத்தனர். இங்கிடியின் வினாவை அறிவுடைய ஒருவரின் வினாவாக மதித்ததும், அம்மக்களுக்கு நீதி வேண்டி நின்றதும் ஒரே நேர்மையின் இரு வெளிப்பாடுகள் எனலாம். புனித நூலை மக்களின் மொழியிற் பெயர்ப்போர், அம்மக்களின் வினாக்களையும் உடன் ஏற்றாக வேண்டும் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.